‘பரவாயில்ல’ சொல்லி வாங்கிய காயம்

31 வருஷமாக ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறேன். பாளையங்கோட்டையில் ஒரு மாடிப்படிக்குக் கீழே எட்டுக்குப் பத்தடிக் கடை. இரண்டு மெஷின், ஒரு நிலைக்கண்ணாடி, போட்டுப் பார்க்க ஒரு திரை. திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வருகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. ஒரு ரகம் கையைத் தூக்கிப் பார்த்து, குனிந்து நிமிர்ந்து பார்த்து, “யக்கா, கைக்குழி பிடிக்கு, பின்பக்கம் தூக்கிட்டு நிக்கி” என்று நேராகச் சொல்லிவிடும். வாய்க்குள் முனகிக்கொண்டே பிரித்துத் தைத்துக் கொடுப்பேன். அடுத்த கல்யாணத்துக்கும் அவர்கள் என்னிடம்தான் வருவார்கள். இன்னொரு ரகம் “பரவாயில்லக்கா” என்று சொல்லி, கூலியை எண்ணி வைத்துவிட்டுப் போகும். அந்த ஜாக்கெட் பீரோவுக்குள் போய்விடும். ஆளும் அதோடு சரி.

இந்த இரண்டாவது ரகத்தைக் கண்டால் எனக்கு ஆகாது. போன வருஷம் சென்னையில் ஒரு மசாஜ் மேசையில் குப்புறப் படுத்துக்கொண்டு நானே அந்த ரகம் ஆனேன். மூன்று தடவை ‘பரவாயில்ல’ சொன்னேன். பலன் ஒரு வாரம் முதுகில் இருந்தது.

வலி வலது தோள்பட்டையில். ஆவணி முகூர்த்தம் தொடங்கினால் தீபாவளிக்கு முந்தின ராத்திரி வரை எனக்கு நிமிர நேரம் இருக்காது. கத்தரியும் கனம், லைனிங் துணியோடு சேர்த்து வெட்டும்போது தோள்தான் வாங்கும். எலும்பு டாக்டர் கையை முன்னே, பின்னே, பக்கவாட்டில் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, மூட்டு இறுகவில்லை, தசைதான் என்றார். என் மகள் சென்னையில் பிசியோதெரபிஸ்ட். சுவரில் விரலால் ஏணி ஏறுவது போல ஒரு பயிற்சி சொல்லிக் கொடுத்தாள். பத்து நாள் செய்தேன். இருபது நாள் செய்ததாகப் போனில் சொன்னேன்.

அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது, அவளிடம் சொல்லாமல், தெருமுனையில் பார்த்த ஒரு கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். பித்தளை உருளியில் பூ மிதந்தது, புல்லாங்குழல் கேட்டது. முன்னால் இருந்த பெண் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: “ஆயில் மசாஜா மேடம், டீப் டிஷ்யூவா?” இரண்டுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டாவதற்கு முந்நூறு ரூபாய் கூட. விலை கூடின துணி நல்ல துணியாகத்தான் இருக்கும் என்று என் கடைக்கு வருகிறவர்கள் நினைப்பதுபோல நானும் நினைத்தேன்.

ஒரு அறையைக் காட்டி, பொட்டலத்தில் காகிதம் மாதிரி ஒரு உள்ளாடையைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். எதை அவிழ்ப்பது, எதை விடுவது, எந்தப் பக்கம் தலை வைப்பது, ஒன்றும் சொல்லவில்லை. பாவாடையோடு நிற்கும்போது கதவைத் தட்டாமலே இன்னொருத்தி உள்ளே வந்தாள். அதன் பிறகு முழங்கை. தோள்பட்டைக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தில் அவள் முழங்கையை ஊன்றி இழுத்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. “ஓகேவா மேடம்?” என்றாள். “பரவாயில்லம்மா” என்றேன்.

ஏன் சொன்னேன் என்று பிறகு யோசித்தேன். கசந்தால்தான் கஷாயம், வலித்தால்தான் வைத்தியம் என்ற எண்ணம் ஒன்று. கஷ்டப்பட்டு வேலை செய்கிற பிள்ளையைக் குறை சொல்லலாமா என்ற கூச்சம் இன்னொன்று. அரைகுறை ஆடையோடு படுத்திருக்கிறவளுக்கு அதிகாரமாகப் பேச வாய் வராது என்பதுதான் மூன்றாவது, பெரியது. உடுத்தியிருக்கும்போது நான் அப்படிப் பேசாமல் இருக்கிறவள் இல்லை.

வெளியே வந்ததும், “உடம்புல டாக்ஸின் நிறைய இருக்கு மேடம், பத்து சிட்டிங் பேக்கேஜ் போட்டுக்கோங்க” என்றார்கள். மறுநாள் காலையில் முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு நாவற்பழ நிறம்.

மகள் பார்த்துவிட்டாள். “எம்மா, நீ தினமும் போடுற அந்தச் சின்ன மாத்திரையப் பத்தி அவங்க கேட்டாங்களா?” நாலு வருஷமாக இதய டாக்டர் சொல்லி ஆஸ்பிரின் சாப்பிடுகிறேன். ரத்தம் உறைவதை அது மட்டுப்படுத்தும். அப்படிப்பட்ட உடம்பில் லேசாக அமுக்கினாலே கன்றிப்போகலாம், முழங்கையால் ஊன்றினால் கேட்கவே வேண்டாம். அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மகள் தன் கோபத்தைக் கடைக்குப் பாதி, எனக்குப் பாதி என்று பிரித்துக் கொடுத்தாள். எனக்கு வந்த பாதி கொஞ்சம் பெரிசு.

இத்தனைக்கும் பிறகு நான் மசாஜுக்கு எதிராக எழுதப் போகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டு மாதம் கழித்து வேறோர் இடத்துக்குப் போனேன். இந்தத் தடவை மகளிடம் சொல்லிவிட்டு, அவள் விசாரித்துச் சொன்ன இடத்துக்கு. அங்கே உருளியும் பூவும் கிடையாது. உட்கார வைத்து ஒரு படிவத்தைக் கையில் கொடுத்தார்கள்.

புதிதாகப் போகிறவர்கள் கடையை எடைபோட வேண்டியது இந்த இடத்தில்தான் என்பேன். ஒரு பெண் என் கடைக்கு வந்ததும் அளவு ஜாக்கெட்டைக் கேட்பேன். அது எங்கே பிடிக்கிறது என்று கேட்பேன், பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவளா என்று கேட்பேன். ஒன்றுமே கேட்காமல் துணியை வாங்கி மடித்து வைக்கிற தையல்காரியிடம் பட்டுத் துணியைக் கொடுப்பீர்களா? உடம்பு பட்டை விட மட்டமா?

படிவத்தில் என்ன மாத்திரை சாப்பிடுகிறேன், சர்க்கரை உண்டா, பிரஷர் கட்டுக்குள் இருக்கிறதா, சமீபத்தில் ஆபரேஷன், எலும்பு முறிவு, காய்ச்சல், தோலில் புண் அல்லது தொற்று ஏதாவது உண்டா என்று கேட்டிருந்தது. எலும்பு தேய்ந்திருப்பதாக யாராவது சொல்லியிருக்கிறார்களா, புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுக்கிறேனா, கர்ப்பமா என்றெல்லாம்கூட. கடைசிக் கேள்விக்கு எனக்குச் சிரிப்பு வந்தது, 54 வயசு. இவற்றில் பல ‘வரவே கூடாது’ என்பதற்கான கேள்விகள் இல்லை. சிலதுக்கு அமுக்குவதைக் குறைக்க வேண்டும், சிலதுக்கு அந்த இடத்தைத் தொடாமல் விட வேண்டும், சிலதுக்கு டாக்டரைக் கேட்டுவிட்டு வரச் சொல்ல வேண்டும். காய்ச்சலும் ஒட்டிக்கொள்கிற தோல் வியாதியும் இருந்தால் இன்னொரு நாள்தான். ஒரு கேள்விக்கு மட்டும் மகள் தனியாக விளக்கம் சொன்னாள்: ‘ஒரு காலில் மட்டும் கெண்டைக்காலில் வீக்கம், வலி, சூடு உண்டா?’ ஆழத்தில் இருக்கிற ரத்தக் குழாயில் ரத்தம் கட்டியாக உறைந்திருந்தால் அப்படி இருக்குமாம். அதைப் போய்ப் பிசைந்தால் கட்டி நகர்ந்து நுரையீரலில் போய் அடைக்கலாம். பஸ்ஸிலோ விமானத்திலோ ரொம்ப நேரம் உட்கார்ந்து வந்தவர்கள், படுக்கையில் கிடந்து எழுந்தவர்கள், ஒற்றைக் கால் வீங்கியிருந்தால் போக வேண்டியது ஆஸ்பத்திரிக்கு.

என்னைக் கவனிக்கப் போகிற பெண் மிசோரத்திலிருந்து வந்தவள். முப்பது வயசு இருக்கும். படிவத்தை என் முன்னாலேயே விரல் வைத்துப் படித்து, ஆஸ்பிரின் என்ற இடத்தில் நிறுத்தி, “முழங்கை இல்லை அக்கா, கை மட்டும்” என்றாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் நாற்பது ஐம்பது வார்த்தை இருக்கும். அதில் எண்களும் உண்டு. “ஒண்ணு, ஒண்ணுமே இல்ல. பத்து, அய்யோ! நமக்கு அஞ்சு. ஏழு வந்தா என்கிட்ட சொல்லணும்” என்று விரல்களை விரித்துக் காட்டினாள். ‘வலிக்கிறதா’ என்று கேட்டால் ‘பரவாயில்ல’ என்று தப்பிக்கலாம். எத்தனை என்று கேட்டால் எப்படித் தப்பிப்பது? அடுத்த நாளே இதை என் கடைக்கு எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும் என்று தோன்றியது.

உடை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை போகிறவர்களை, முக்கியமாகப் பெண்களை, வாசலிலேயே திருப்பி அனுப்புவது எதை அவிழ்க்கச் சொல்வார்களோ என்ற பயம்தான். அந்தப் பெண் சொன்னது இவ்வளவுதான்: “உங்களுக்கு எது சரியோ அது வரைக்கும் எடுங்க. வேண்டாம்னா வேண்டாம்.” பிறகு வெளியே போய்விட்டாள். நான் மேசையில் படுத்து, பெரிய துண்டைக் கழுத்து வரை இழுத்துப் போர்த்திக்கொண்ட பிறகு கதவு தட்டுகிற சத்தம். “வரலாமா?” வந்த பிறகும், எந்த இடத்தில் வேலையோ அந்த இடத்தில் மட்டும் துண்டை மடிப்பாள், முடிந்ததும் மூடிவிட்டு அடுத்த இடம். நான் அளவெடுக்கும்போது முந்தானைக்கு மேலேயே டேப்பைப் போட்டு, “கையத் தூக்கும்மா” என்று சொல்லிவிட்டுத்தான் அக்குள் பக்கம் போவேன். சொல்லாமல் தொட்டால் உடம்பு சுருங்கும், அளவும் தப்பும். அவளும் ஒவ்வொரு இடத்துக்கும் சொல்லிவிட்டுத்தான் போனாள். ஒரு மணி நேரமும் உள்ளாடை என் உடம்பில்தான் இருந்தது.

அவ்வளவுகூட வேண்டாம் என்கிறவர்களுக்குத் தாய்லாந்து முறை இருக்கிறது. தொளதொளப்பான சட்டையும் கால்சட்டையும் போட்டுக்கொண்டு தரையில் விரித்த மெத்தையில் படுத்தால் போதும், எண்ணெய் கிடையாது. கையைக் காலை இழுத்து, மடக்கி, அமுக்கி விடுவார்கள். 2019இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்ட கலை அது. பார்வைக்குச் சாது, இழுவையில் அப்படி இல்லை என்று மகள் எச்சரித்தாள்.

மேசையின் தலைமாட்டில் முகம் வைக்க ஒரு ஓட்டை இருந்தது. அதன் வழியாகத் தரையும் அவள் பாதங்களும் தெரிந்தன. வெறுங்கால். பெருவிரல் நகத்தில் நீலச்சாயம் பாதி உதிர்ந்திருந்தது. தோளில் அமுக்கம் கூடும்போதெல்லாம் பின்னங்காலின் குதி லேசாக எழும்பும், முன்னங்காலின் விரல்கள் தரையைப் பற்றும். கையால் அமுக்குகிறாள் என்று நினைத்திருந்தேன். காலிலிருந்து கிளம்பி இடுப்பு வழியாக வந்த எடையைத்தான் உள்ளங்கை என் தோளில் இறக்கி வைத்துக்கொண்டிருந்தது. மிதி மெஷினில் வேலை கற்றவள் நான், ஊசி ஓடுவது காலால்தான் என்று எனக்குத் தெரியும். அந்த நிமிஷத்தில் கூச்சம் விட்டுப்போனது. இது ஒரு தொழில், இவள் ஒரு தொழில்காரி என்பது அந்தக் குதியைப் பார்த்தபோதுதான் மண்டையில் ஏறியது.

எண்ணெய் பட்டதும் எங்கள் தெரு ஆச்சி ஞாபகம் வந்தாள். பிள்ளை பெற்ற வீடுகளுக்கெல்லாம் காலையில் வந்து குழந்தையைக் குளிப்பாட்டுவாள். இரண்டு காலையும் நீட்டித் தரையில் உட்கார்ந்து, குழந்தையைத் தன் கெண்டைக்கால்களுக்கு மேல் குப்புறப் போட்டு, முதுகில் எண்ணெயை இழுத்து இழுத்து விடுவாள். என் இரண்டு பிள்ளைகளும் அவள் காலில் கிடந்தவர்கள்தான். குழந்தை எப்படி அழுகிறது என்பதைக் கேட்டே அமுக்கத்தைக் கூட்டுவாள், குறைப்பாள். ‘பரவாயில்ல’ சொல்லத் தெரியாத வாடிக்கையாளர்கள்!

நமக்கு இது புதிது இல்லை. சித்த மருத்துவத்தில் புற மருத்துவம் 32 வகை. அதில் ஒன்று தொக்கணம். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல் என்று அதற்குள்ளே ஒன்பது பிரிவு. எங்கள் ஊரில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதைத் தாண்டித்தான் நான் நூல் வாங்கப் போவேன். அப்படி இருந்தும் சென்னைக்குப் போய்க் கண்ணாடிக் கதவைத் தள்ளினேன். போகட்டும். மசாஜ் கடைப் பட்டியலில் ‘சுவீடிஷ் மசாஜ்’ என்று போட்டிருக்கிறதே, அது சுவீடனைச் சேர்ந்த லிங் என்பவர் பெயரால் வழங்குகிறது. தடவல், பிசைதல், தட்டல் என்று அதன் அசைவுகளுக்கு இன்று வழங்குகிற பிரெஞ்சுப் பெயர்களைப் பரப்பியவர் மெட்ஸ்கர் என்ற டச்சு டாக்டர். பெயரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, எங்கள் தொழிலில் ‘போட் நெக்’ ஜாக்கெட்டில் படகு இருப்பதில்லையே, அது போல. புதிதாகப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான்: ‘சுவீடிஷ்’ மெதுவாக எண்ணெயில் நீவி விடுவது, ‘டீப் டிஷ்யூ’ ஆழமாக அமுக்குவது. முதல் தடவைக்கு முதலாவது போதும்.

மேசையில் பேச வேண்டிய கட்டாயம் கிடையாது. பேசாமல் கிடக்கலாம். தூங்கிவிடலாம். நான் குறட்டை விட்டேனாம். வயிறு கடமுடா என்று சத்தம் போடும், சிலருக்கு வாயு பிரியும், சிலர் காரணம் தெரியாமல் அழுவார்கள். எல்லாவற்றையும் பார்த்தவர்கள் அவர்கள், கண்டுகொள்ள மாட்டார்கள். சாப்பிட்ட உடனே போகாதீர்கள். முடிந்ததும் சடாரென்று எழாதீர்கள், கிறுகிறுக்கும். எண்ணெய்ப் பாதத்தோடு டைல்ஸ் தரையில் நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பலன் என்ன? எனக்கு அன்று ராத்திரி நல்ல தூக்கம். மறுநாள் தோளில் லேசான நோவு, கல்யாண வீட்டில் குடம் தூக்கின மாதிரி. அது போனதும் நாலைந்து நாள் கை சுலபமாக மேலே போனது. அப்புறம் பழையபடி இறுக ஆரம்பித்தது. அந்த நாலு நாளில் சுவர்ப் பயிற்சியை ஒழுங்காகச் செய்தேன். வலி குறைந்திருந்ததால் செய்ய முடிந்தது. மகள் இதைத்தான் முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். காக்ரேன் என்று ஒரு அமைப்பு, உலகம் முழுக்க நடந்த சோதனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்துச் சொல்கிறவர்கள். இடுப்பு வலிக்கு மசாஜ் பற்றிய 25 சோதனைகளை, மூவாயிரத்துச் சொச்சம் பேரை, 2015இல் பார்த்தார்கள். கொஞ்ச நாளைக்கு வலி குறைவதாகத் தெரிகிறது, ஆனால் அந்தச் சோதனைகளை நம்பி அடித்துச் சொல்ல முடியாது என்று முடித்தார்கள். பத்து சிட்டிங் பேக்கேஜ் விற்கிறவர் இப்படிப் பேசுவாரா?

நச்சு வெளியேறும் என்று சொன்னால் எந்த நச்சு என்று கேளுங்கள். ரத்தத்தைச் சுத்தம் பண்ண ஈரலும் சிறுநீரகமும் சம்பளம் வாங்காமல் ராப்பகலாக வேலை செய்கின்றன. தசையில் தேங்கின லாக்டிக் அமிலத்தைப் பிழிந்து எடுக்கிறோம் என்பார்கள். ஓடி முடித்தவனுக்கே அது ஒரு மணி நேரத்துக்குள் தானாகக் குறைந்துவிடும் என்று மகள் சொல்கிறாள். மெஷினில் உட்கார்ந்திருக்கிற எனக்கு அது எங்கே தேங்குகிறது? தொப்பை கரையும் என்பது எண்ணெய்ச் செலவு. வலியில் இருக்கிறவர்களுக்கு ஒரு மணி நேரம் இதமாக இருப்பதும், ராத்திரி தூக்கம் வருவதும் சின்ன விஷயமா? அதை மட்டும் சொல்லி விற்றால் என்ன குறைந்துவிடும்?

என் வீட்டுக்காரர் விஷயம் வேறு. அவர் எந்த மசாஜ் கடைக்கும் போனவர் இல்லை. ஆனால் முப்பது வருஷமாகச் சலூனில் முடி வெட்டி முடித்ததும் நாற்காலியில் சாய்ந்துகொள்வார். தலையில் நாலு தட்டு. பிறகு தாடையையும் உச்சியையும் பிடித்து இடப்பக்கம் ஒரு திருப்பு, வலப்பக்கம் ஒரு திருப்பு. ‘சொடக்’ என்று சத்தம் வந்தால்தான் காசு கொடுத்த திருப்தி. மகள் அதற்கு மட்டும் சண்டையே போட்டாள். கழுத்தெலும்பின் துளைகள் வழியாக மூளைக்கு ரத்தக் குழாய்கள் போகின்றன. திடீர்த் திருப்பில் அவற்றின் உள்சுவர் கிழிந்து, பக்கவாதத்தில் கொண்டுவிடலாம். அடிக்கடி நடப்பதில்லை, நடந்தால் மீள்வது கஷ்டம். 1993இல் அமெரிக்காவில் வைன்ட்ராப் என்ற நரம்பியல் டாக்டர், பியூட்டி பார்லரில் தலை அலசக் கழுத்தைத் தொட்டியில் பின்னால் சாய்த்துக் கிடந்த ஐந்து பெண்களுக்கு மூளைக்குப் போகிற ரத்த ஓட்டம் பாதித்ததை எழுதியிருக்கிறார். அங்கே யாரும் திருகக்கூட இல்லை. இப்போது வீட்டுக்காரர் “கழுத்து வேண்டாம்ப்பா, தட்டு மட்டும்” என்கிறார். சலூன்காரருக்குக் கொஞ்சம் வருத்தம்.

நான் மசாஜுக்குப் போனதைக் கடையில் சொன்னபோது, ஹூக் தைக்கிற பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒரு வாடிக்கையாளர் குரலைத் தாழ்த்தி, “பேப்பர்லலாம் போடுதானே அக்கா…” என்றார். ஆமாம், போடுகிறார்கள். ரெய்டு, கைது, துப்பட்டாவால் முகத்தை மூடின பெண்களின் படம். தப்பு நடக்கிற இடங்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துப் பார்த்து, அந்தத் தொழிலில் இருக்கிற அத்தனை பெண்களுக்கும் நாம் அந்தத் துப்பட்டாவைப் போட்டுவிட்டோம். ஊரில் அம்மாவிடம் பியூட்டி பார்லரில் வேலை என்று சொல்லி வைத்திருப்பதாக அந்த மிசோரம் பெண் சொன்னாள்.

கேரளத்தில் ஆயுர்வேத நிலையங்களுக்குச் சுற்றுலாத் துறை தரச்சான்று கொடுக்கிறது. ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்பது அங்கே நிபந்தனைகளில் ஒன்று. அந்தப் பலகையைப் பார்த்து ஒருவர் உள்ளே போகலாம். இங்கேயும் வாசலில் விலைப்பட்டியல், உள்ளே வேலை செய்கிறவர்களின் பயிற்சிச் சான்றிதழ், கையில் படிவம், இந்த மூன்றும் இல்லாத கதவைத் தள்ளாதீர்கள் என்பேன். உள்ளே போன பிறகும், ஏதாவது சரியில்லை என்று தோன்றினால் பாதியில் “போதும்” என்று எழுந்து வரலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. அதே உரிமை வேலை செய்கிறவர்களுக்கும் உண்டு. கை வைக்கப் பார்க்கிற, கண்டபடி பேசுகிற ஆளை அவர்கள் பாதியில் எழுப்பி அனுப்பலாம், முதலாளி அவர்கள் பக்கம் நிற்க வேண்டும். நிற்பதில்லை என்றுதான் கேள்விப்படுகிறேன்.

ஒரு தடவைக்கு எனக்கு ஆன செலவு 1,800 ரூபாய். நாலு லைனிங் ஜாக்கெட்டின் தையற்கூலி. மாதாமாதம் முடியாது, சீசனுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று வைத்திருக்கிறேன். அந்த மிசோரம் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு ஐந்து ஆள், சில நாள் ஆறு. ராத்திரி வெந்நீரில் கட்டை விரல்களை ஊற வைப்பாளாம். கட்டை விரல் போனால் தொழில் போச்சு என்றாள். எனக்கும் அதே விரல்தான், கத்தரிப் பிடி உரசி உரசிக் காய்த்துக் கிடக்கிறது. இரண்டு பேரும் விரலைக் காட்டிக்கொண்டோம்.

அவளிடம் இரண்டாவது முறை போனபோது ஒன்றைக் கவனித்தேன். நான் மேசையில் எழுந்து உட்கார்ந்திருக்க, அவள் முன்னால் நின்று என் கையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். அவள் போட்டிருந்த சீருடைச் சட்டையின் கைக்குழி அவ்வளவு இறுக்கம். கையை நீட்டும்போதெல்லாம் சட்டை முழுசும் மேலே ஏறியது, அக்குளில் தையல் விட்டுப்போய் ஊக்கு குத்தியிருந்தது. நாள் பூராவும் கை நீட்டி வேலை செய்கிறவளுக்கு எந்தப் புண்ணியவான் இப்படி வெட்டினானோ!

“கைக்குழி பிடிக்குதா?” என்று கேட்டேன்.

புரியவில்லை. என் விரலால் அவள் அக்குளைத் தொடாமல் காட்டினேன். புரிந்ததும் சிரித்தாள்.

“பரவாயில்ல அக்கா” என்றாள்.

கைப்பையில் டேப் எப்போதும் இருக்கும். துண்டை இறுக்கிச் சுற்றிக்கொண்டு மேசையிலிருந்து இறங்கினேன். கையைத் தூக்கச் சொன்னேன். “ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும், எத்தனை?”

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “எட்டு” என்றாள்.